நோரீன் சொன்னால்தான் மரம் விழும்

“நான் ‘காலி’ன்னு சொன்னாத்தான் மரம் விழுது. அப்போ மரத்தை வெட்டுறது யாரு, மெஷினா, நானா? யாராவது சொல்லித் தொலைங்களேன்!”

ஒன்பது வருஷமாக நோரீன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தகரக் கொட்டகையில் டீ குடிக்கிறவர்களிடம் சொன்னாள். பேக்கரியில் இறைச்சி அடைத்த ரொட்டி கட்டித் தருகிற பெண்ணிடம் சொன்னாள். பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டிருந்தபோதுகூட சொல்லப் பார்த்தாள். அவர் பயந்துபோய், வலிக்கிறதா என்று கேட்டார். யாரும் பதில் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே? கேள்வியை வீசிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தொப்பி எங்கே என்று தேடிக்கொண்டே வெளியே போய்விடுவாள். தொப்பி தலையில்தான் இருக்கும்.

பிரிஸ்பேனுக்கு மேற்கே காடாகக் கிடந்த மேடுகளெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்தன. புல்டோசரும் பொக்லைனும் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு ஆள் போய் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கரடிக்குட்டி போன்ற கோஆலா, மரத்தில் வாழும் போசம், ஆந்தை, பொந்துக்குள் வௌவால், எது இருந்தாலும் அந்த மரத்தில் ரோஸ் கலர் நாடாவைக் கட்ட வேண்டும். எதுவும் இல்லையென்றால் வாக்கி-டாக்கியில் ஒரே ஒரு சொல்: “காலி.” அந்தச் சொல் காதில் விழாமல் டிரைவர்கள் சாவியைத் திருகக் கூடாது. நோரீனுக்கு அதுதான் வேலை.

அவள் அதைச் சொல்லும் விதமே தனி. துக்கம் சொல்ல வந்தவளைப் போல முதல் எழுத்தை இழுத்து, கடைசியில் மூச்சை விட்டு, “காஆஆ... லி” என்பாள். பொக்லைன் ஓட்டுகிற டெஸ் இதை அப்படியே செய்து காட்டுவான். அவன்தான் அங்கே மேஸ்திரியும். சாப்பிட உட்கார்ந்ததும் தக்காளி சாஸ் புட்டியைத் தூக்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, கீழே தட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, “காஆஆ... லி” என்பான். கொட்டகையே குலுங்கும். நோரீனும் சிரிப்பாள். சிரித்து முடிக்கும்முன் எழுந்துவிடுவாள்.

உட்கார முடியாத பெண்பிள்ளை அவள். இருபது வயதிலும் அப்படித்தான் இருந்தாள், அப்போது மட்டும் வேறு மாதிரி. மழைக்காட்டை வெட்ட வந்த புல்டோசரில் சைக்கிள் பூட்டைப் போட்டுத் தன் கழுத்தைப் பூட்டிக்கொண்டாள். போலீஸ் அறுத்தெடுக்கிறவரைக்கும் அசையவே இல்லை. வாழ்க்கையில் அவள் ஒரே இடத்தில் நின்றது அந்த ஒரு தடவைதான் என்று மகள் ரெனே சொல்வாள். அந்தப் படம் பேப்பரில் வந்தது. இன்றைக்கும் அவள் வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கிறது. பல் தேய்க்கும்போது இரண்டு நோரீன்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள்.

பிறகு கல்யாணம், குழந்தை. குழந்தை வளர்ந்ததும் அனாதைப் போசம் குட்டிகள். தாயின் வயிற்றுப் பைக்குப் பதிலாகத் தலையணை உறைகளில் குட்டிகளைப் போட்டு, வீட்டிலுள்ள கதவுக் கைப்பிடிகளில் எல்லாம் தொங்கவிட்டிருப்பாள். ஒருநாள் புருஷன்காரன் அவசரத்தில், சலவையிலிருந்து வந்த சட்டை என்று நினைத்து ஓர் உறைக்குள் கையை விட்டான். குட்டி கடித்தது. “இந்த வீட்டுல கதவைத் திறக்கக்கூட எனக்கு உரிமை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே கோபத்தில். வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டை வெட்டினார்கள். மரங்களைப் பார்க்க வந்தவன் பெயர் ட்ரெண்ட். காருக்குள் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங் மேல் தாடையை வைத்து அண்ணாந்து பார்த்தான். காரின் முன்கண்ணாடியில் தெரிகிற அளவுக்குத்தான் மரம் அவனுக்கு. “காலி, காலி, எல்லாம் காலி” என்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். அன்று சாயங்காலமே நோரீன் வீட்டுக் கதவுகளில் தொங்கவிட உறைகள் போதவில்லை. “எப்படியும் வெட்டத்தான் போறானுங்க. பாக்குறதையாவது ஒழுங்கா பாத்துத் தொலைப்போம்” என்று சொல்லி, படித்து, லைசென்ஸ் வாங்கி வந்து நின்றாள். அன்றோடு பழைய போராட்டக்காரச் சிநேகிதிகளின் ஞாயிற்றுக்கிழமை விருந்துகள் அவளுக்கு நின்றுபோயின.

இந்த வசந்தத்தில் அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த மனைப்பிரிவில்தான் ரெனேயும் ஒரு மனை எடுத்திருந்தாள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவளும் புருஷனும் கைக்குழந்தையும் நோரீன் வீட்டு முற்றத்தில் ஒரு கேரவனில் முடங்கிக் கிடந்தார்கள். ரோடு போட்டால்தான் மனை கைக்கு வரும். ரோடு போகிற வழியில், மேட்டின் மேல், ஒற்றையாக ஒரு கிழட்டுத் தைலமரம் நின்றது. நாலு பேர் கைகோத்தாலும் சேராத அடிமரம். அதன் உச்சியில் ஒரு கோஆலா. முதுகில் குட்டி.

நோரீன் ரோஸ் நாடாவைக் கட்டினாள். கட்டும்போது விரல் கொஞ்சம் குதூகலமாகவே ஆடியது.

கோஆலா விஷயத்தில் சட்டம் ரொம்பத் தெளிவு. பிடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, மரத்தை ஆட்டக் கூடாது. அது தானாக மனசு வைத்து இறங்கிப் போகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். ஓடைப்பக்கம் அவர்கள் விட்டுவைத்திருந்த மரவரிசைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பொதுவாக ஓரிரு நாளில் போய்விடும். இது போகவில்லை. சுற்றிலுமிருந்த மரங்களெல்லாம் விழுந்து, தரை சிவப்பாகிப் போன பிறகும், அந்த ஒற்றை மரமும் அதன் மேல் அந்தத் தாயும் பிள்ளையுமாக அப்படியே இருந்தார்கள். வேலையாட்கள் சும்மா உட்கார்ந்து சீட்டாடினார்கள். தினமும் மத்தியானத்தில் மேகம் திரண்டு, இடி இடித்து, மழை பெய்யாமலே கலைந்தது. எல்லோருக்கும் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று எரிச்சல்.

கேரவனிலிருந்து ரெனே தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளே வருவாள். வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“அந்தக் கரடி இறங்குச்சாம்மா?”

“அது கரடி இல்ல.”

“சரி, கரடி இல்லாதது இறங்குச்சா?”

“அது மனசு வைக்கணும்.”

“எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்மா. உன் பேரன் ராத்திரி பூரா சமையல் அடுப்புக்கும் கக்கூஸுக்கும் நடுவுல தூங்குறான். அவனுக்கு ஒரு ரோஸ் நாடா கட்டி விடேன். அப்பவாவது எங்களை யாராச்சும் கவனிப்பாங்க.”

நோரீன் மசித்த உருளைக்கிழங்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, ஓடாத கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அது பாட்டரியில் ஓடுகிற கடிகாரம்.

மரத்தடியில் அவள் ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தாள். வேலையாட்கள் யாரும் கிட்டே வரக் கூடாது என்று தூரத்தில் கயிறு கட்டினாள். தான் மட்டும் கயிற்றுக்கு உள்ளே, அடிமரத்தை ஒட்டி உட்கார்ந்தாள். நாய் வந்துவிடும், காவல் வேண்டும் என்று சொன்னாள். விடிந்ததும் வந்து உட்காருவாள், இருட்டி நெடுநேரம் கழித்துத்தான் எழுந்து போவாள். உட்கார முடியாத பெண்பிள்ளை உட்கார்ந்தாள் என்றால் சும்மாவா? கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

டெஸ் இதை மூன்று நாலு நாள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கயிற்றைத் தாண்டி நேரே வந்தான்.

“தாயே, ஒண்ணு கேக்கலாமா?”

“கயித்துக்கு அந்தாண்ட நின்னு கேளு.”

“எங்க மாமியா வீட்டுக்குப் போனா, அந்தம்மா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? பின்வாசல் வழியா நழுவிடுவேன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“இந்த மரத்துக்குப் பின்வாசல் இல்லையே நோரீன்.”

நோரீனுக்குக் கால் ஆடுவது நின்றது.

“நீ அடியில உக்காந்திருந்தா அது எப்படி இறங்கும்? எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா? ஊரையெல்லாம் கயிறு கட்டி வெளிய நிறுத்திட்டு நீ மட்டும் உள்ள குந்தியிருக்க. இது காவல் இல்ல. நீ இருபது வயசுல போட்ட அந்தச் சைக்கிள் பூட்டு. அதைத்தான் இன்னிக்கு நாற்காலின்னு சொல்லிட்டிருக்க.”

“வாயை மூடுய்யா.”

“மூடிக்கிறேன். ஆனா ஆபீஸ்ல மூட மாட்டேங்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ ‘காலி’ சொல்லலைன்னா ட்ரெண்டைக் கூப்பிடப் போறாங்களாம். அவன் வந்தா கோஆலாவைப் பாக்குறதுக்குக் கண்ணாடியைக்கூட இறக்க மாட்டான். சொல்லிட்டேன்.”

அவன் போன பிறகு நோரீன் எழுந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி ஒரு சுற்று. டெஸ் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். கோஆலா இருக்கிறவரை மரம் இருக்கும். தான் உட்கார்ந்திருக்கிறவரை கோஆலா இருக்கும். இவ்வளவுதான் கணக்கு. ஒன்பது வருஷத்தில் எத்தனை மரத்துக்குக் ‘காலி’ சொல்லியிருக்கிறாள்! ஒரே ஒரு மரத்துக்குச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன?

பொழுது சாய்ந்தது. வேலையாட்கள் போய்விட்டார்கள். டெஸ் தன் பொக்லைனை ஓடைக்குப் போகிற வழியில், வெட்டவெளியில், மண் அள்ளும் வாளியைத் தரையில் ஊன்றி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். மேலே சரசரவென்று சத்தம். தாய் கோஆலா பின்பக்கத்தை முன்னால் விட்டு, நகத்தை ஊன்றி ஊன்றி, பாதி மரம்வரை இறங்கியது. நின்றது. தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது. நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகிலிருந்த குட்டி, கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. தாய் மறுபடி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது, கீழே பார்த்தது, ஏறியது. மேலே கைக்கெட்டிய கிளைகளில் கொழுந்து ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டையாய்ப் போன முற்றிய இலை ஒன்றைக் கடித்து, பிடிக்காமல் துப்பியது. அது நோரீனின் மடியில் வந்து விழுந்தது.

அந்த இலையை அவள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திடீரென்று எழுந்தாள். நாற்காலியை மடக்கினால் சத்தம் வரும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, பூனைபோல நடந்து, வண்டியை எஞ்சின் போடாமல் சரிவில் உருட்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்தாள். வீட்டில் ரெனே கேள்வியைத் தொடங்கும்முன், “கரடி இல்ல!” என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சுவரிலிருந்த நோரீன் முறைத்தாள். படத்துக்கு வெளியே இருந்தவளுக்கு இன்று எதிர்த்து முறைக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை மரத்தடியில் நாற்காலி சாய்ந்து கிடந்தது. அதன் துணியில் ஆலிவ் கொட்டைபோல் உருண்டை உருண்டையாகக் கோஆலாப் புழுக்கை. நோரீன் கழுத்தை ஒடித்து மேலே பார்த்தாள். கிழக்கே நின்று பார்த்தாள், மேற்கே நின்று பார்த்தாள். தொலைநோக்கியில் கவட்டை கவட்டையாகத் தேடினாள். இல்லை. வாக்கி-டாக்கியை எடுத்தாள். பொத்தான்மேல் கட்டை விரல் வெகுநேரம் அப்படியே நின்றது. தூரத்தில் ஆட்கள் எழுந்து நின்று இவளையே பார்த்தார்கள்.

“காலி” என்றாள். இழுக்கவில்லை. டெஸ் அன்று அதைச் செய்து காட்டவுமில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் பொக்லைனை நோக்கி நடந்தான். எஞ்சின் போடுகிற சத்தம் வரவில்லை. பிறகு வாக்கி-டாக்கி கரகரத்தது.

“நோரீன்... மரம் காலிதான். என் வண்டி காலி இல்ல.”

பொக்லைனின் இரும்புக் கை மடங்குகிற இடத்தில், உச்சியில், அந்தத் தாய் குந்தியிருந்தது. முதுகில் குட்டி. வெட்டவெளியில் இருட்டில் நடந்தபோது உயரமாக நின்றது அது ஒன்றுதான், மரமென்று ஏறிவிட்டது. இரண்டு கையாலும் ஹைட்ராலிக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, தூக்கம் வராதவர்களின் முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெஸ் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“சட்டத்துல மரம்னுதானே இருக்கு? பொக்லைன் மரமா?”

“விலங்கு ஏறி உக்காந்திருக்குல்ல? அப்போ மரம்தான்” என்றாள் நோரீன். பையிலிருந்து ரோஸ் நாடாவை எடுத்து, சத்தமில்லாமல் போய்ப் பொக்லைனின் சங்கிலிச் சக்கரத்தில் கட்டினாள்.

கட்டிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மெஷின் நின்றிருக்கிறது. அதை அசைக்க முடியாது. இருபது வயதில் கழுத்தைப் பூட்டிக்கொண்டு அரை நாள் நிறுத்தியதை, இந்தப் பிராணி சும்மா ஏறி உட்கார்ந்தே நிறுத்திவிட்டது. இவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நாற்காலியைக் கொண்டுவந்து பொக்லைனுக்கு அடியில் போட வேண்டும். மரமும் நிற்கும், மெஷினும் நிற்கும், யார் வந்து என்ன செய்துவிட முடியும்? நாற்காலி அதோ கிடக்கிறது. அவள் அதைப் பார்ப்பதை டெஸ் பார்த்தான்.

“உக்காரப் போறியா?” என்றான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

மேலே குட்டி மறுபடி அந்தக் கீல் சத்தம் போட்டது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இரும்பு தோசைக்கல்லாகிவிடும்.

நோரீன் நடந்து போனாள். நாற்காலியை உதறிப் புழுக்கையைக் கொட்டினாள். டப்பென்று மடக்கி, தூக்கிக்கொண்டு வந்து, தன் வண்டிக்குள் எறிந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க! டெஸ், அந்த வெள்ளைத் தார்ப்பாயைக் கம்புல கட்டி வெயில் வர்ற பக்கமா தூக்கி நிறுத்து, அது மேல நிழல் விழட்டும். கிட்டப் போகாத. நிறுத்திட்டு நீயும் ஓடு. ஒருத்தன் சிரிக்கிற சத்தம்கூட எனக்குக் கேக்கக் கூடாது. சீட்டை ரோட்டுல போட்டு ஆடுங்க.”

“நீ?”

“நானும்தான்யா! நானும்தான் வரேன்!”

நாள் பூராவும் அவர்கள் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், பெரியவர்களுக்குப் பயந்த பள்ளிப்பிள்ளைகள் மாதிரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டு கிடந்தார்கள். ஆபீசிலிருந்து போன் வந்தது. “பொக்லைன்ல கோஆலா” என்றான் டெஸ். அந்தப் பக்கம் கத்தியது இந்தப் பக்கம் கேட்டது. நோரீன் கேட்டுக்கும் வண்டிக்குமாக நடந்து நடந்து புல்லில் ஒற்றையடிப் பாதையே போட்டுவிட்டாள். சாயங்காலம் ஒருவழியாக மழை கொட்டியது. மழை விட்டதும், தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கினாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கைப்பை தொலைத்த குண்டு அத்தை மாதிரி, சேற்றில் விடுவிடுவென்று, பிள்ளையைச் சுமந்துகொண்டு அது ஓடைப்பக்கம் ஓடியது. முதல் மரத்தில் ஏறி, இலைக்குள் மறைந்தது.

மறுநாள் காலையில் நோரீன் கிழட்டு மரத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ‘காலி’ சொன்னாள். டெஸ் அதை அவசரப்படாமல், வேர்ப்பக்கம் மெதுவாகத் தள்ளிச் சாய்த்தான். படுக்கையில் கிடத்துவதுபோல் கிடத்தினான். விழுந்த மரத்தின் பொந்துகளில் அவள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். ஒன்றில், எப்படியோ கண்ணுக்குத் தப்பிய இரண்டு சின்ன வௌவால்கள். தலையணை உறையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரெனே கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மசித்த கிழங்கில் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தாள். “தாங்க்ஸ்ம்மா” என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் நோரீன் தட்டை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பாள்.

அடுத்த வாரம் டீக் கொட்டகையில் பழையபடி ஆரம்பித்தாள். “நான் ‘காலி’ன்னு சொன்னாத்தான்...”

“வெட்டுறது நீயும்தான், நானும்தான். போதுமா?” என்று டெஸ் குறுக்கே விழுந்தான். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருவன் பதில் சொல்லிவிட்டான். அதோடு விடவுமில்லை. “இவ்வளவு வலிக்குதுன்னா வேலையை விட்டுட்டுப் போயேன் தாயே. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா? நாங்களாவது நிம்மதியா டீ குடிப்போம்.”

நோரீன் எழுந்தாள். தொப்பியைத் தேடினாள். தலையில் இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“போறேன்யா டெஸ். என்னை மாதிரி கழுத்து ஒடிய நாலு பக்கமும் நின்னு அண்ணாந்து பாக்குற ஒருத்தியைக் கொண்டாந்து நிறுத்து, அன்னிக்கே போறேன். அதுவரைக்கும் நான் திட்டுவேன், புலம்புவேன், ‘காலி’ன்னும் சொல்லுவேன், ராத்திரி தூங்காம கிடந்துட்டு விடிஞ்சதும் உனக்கு முன்னால வந்தும் நிப்பேன். நீ நல்லா தூங்குறல்ல? தூங்கு. ஆனா நாளைக்கு அந்த வடக்கு முனையில நான் பாக்குறதுக்கு முன்னாடி வண்டியை எடுத்தேன்னு வையி, இந்தத் தடவை அந்த இரும்புக் கையில நான் ஏறி உக்காந்துக்குவேன். அப்புறம் என்னைப் பிடிக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. நானா மனசு வச்சு இறங்கினாத்தான் உண்டு!”